பழைய டாஸ் காருக்குத் திருட்டிலிருந்து எந்தப் பாதுகாப்பு? தென்னாப்பிரிக்கா, டர்பன் நண்பர்கள் சொல்லுங்கள்

மீனா (சாட்ஸ்வொர்த்) எழுதியது:

வணக்கம். செவ்வாய்க்கிழமை இரவிலிருந்து வீட்டில் யாருக்கும் சரியான தூக்கம் இல்லை. விவரமாகவே எழுதிவிடுகிறேன்.

எங்களிடம் இருப்பது 2004 டொயோட்டா டாஸ். வெள்ளை நிறம், 1.3 எஞ்சின், மேனுவல் கியர். மாமனாருடைய கார். அவர் ப்ராஸ்பெக்டன் டொயோட்டா தொழிற்சாலையில் இருபத்தாறு வருடம் வேலை பார்த்தவர். இந்தக் காரும் அங்கே செய்ததுதான். 2022 ஏப்ரல் வெள்ளத்தில் அந்தத் தொழிற்சாலைக்குள் தண்ணீர் நிற்பதைத் தொலைக்காட்சியில் பார்த்துக் கண்கலங்கினார். போன வருடம் காலமாகிவிட்டார். பிள்ளைகளின் பள்ளிக்கூடம், வெள்ளிக்கிழமை எங்கள் ஊர் பங்களாதேஷ் மார்க்கெட், சனிக்கிழமை நான் தமிழ் வகுப்பு எடுக்கும் கோயில், எல்லாவற்றுக்கும் இந்த ஒரு வண்டிதான்.

அன்று இரவு இரண்டரை மணி இருக்கும். நாய் விடாமல் குரைத்தது. வீட்டுக்காரர் வெளிவிளக்கைப் போட்டதும் யாரோ சுவரேறிக் குதித்து ஓடும் சத்தம். விடிந்ததும் போய்ப் பார்த்தோம். ஓட்டுநர் பக்கக் கதவில் சாவி போடும் இடம் அப்படியே உள்ளே குத்தித் தள்ளப்பட்டிருந்தது. ஸ்டீரிங்குக்குக் கீழே இருக்கும் பிளாஸ்டிக் மூடி இரண்டு துண்டாகி பிரேக் மிதிக்குப் பக்கத்தில் கிடந்தது. மூன்று வயர்களின் உறையைச் சீவி வைத்திருந்தான், உள்ளே செம்பு புதிதாக மின்னியது. மாமனார் ஒட்டிவைத்த சின்ன முருகன் படம் அந்த உடைந்த மூடியில்தான் இருந்தது. அதைக் கையில் எடுத்தபோது எனக்கு உடம்பு நடுங்கிவிட்டது.

காப்பீடு தேர்ட் பார்ட்டி மட்டும். கார் போனால் ஒரு ராண்டும் திரும்பி வராது. போலீஸில் புகார் கொடுத்து கேஸ் நம்பர் வாங்கியாகிவிட்டது.

இப்போது ஆளுக்கொன்று சொல்கிறார்கள். நாத்தனார் மகன் டிராக்கர் போடச் சொல்கிறான். பக்கத்து வீட்டு மாமா கியர் லாக் போதும் என்கிறார். ஒரு கடையில் கேட்டேன், அலாரம், சென்ட்ரல் லாக்கிங், சைரன் எல்லாம் சேர்த்து ஒரு பெரிய தொகை சொன்னார்கள். என்னிடம் மூவாயிரத்து ஐந்நூறு ராண்ட் இருக்கிறது. அதற்குள் எதை முதலில் செய்வது?

இன்னொரு பயமும் உண்டு. இங்கே காரைத் திருடுவது ஒன்று, துப்பாக்கியைக் காட்டிப் பறிப்பது வேறு. நிறையப் பூட்டு போட்டு வைத்து, ஒருநாள் எவனாவது வழிமறிக்கும்போது வண்டி கிளம்பாமல் போனால்? பின்னால் பிள்ளைகள் இருப்பார்கள். இதையும் யோசித்து யாராவது பதில் சொல்லுங்கள்.


குமரன் (ஃபீனிக்ஸ்) எழுதியது:

அக்கா, நல்லவேளை, நாய் காப்பாற்றியது. என் கொரோலாவுக்குப் பதினொரு வருடமாக கியர் லாக்தான். ரிவர்ஸில் போட்டுப் பூட்டிவிட்டால் வண்டி முன்னால் நகராது. இரண்டு முறை என் கதவை உடைத்திருக்கிறார்கள், இரண்டு முறையும் உள்ளே பார்த்துவிட்டு அப்படியே விட்டுப் போய்விட்டார்கள். ஸ்டீரிங்கில் குறுக்கே மாட்டும் அந்தக் கம்பியை மட்டும் நம்பாதீர்கள். கம்பியை அவன் தொடவே மாட்டான். ஸ்டீரிங் வளையத்தை ஒரு இடத்தில் ரம்பத்தால் அறுத்தால் போதும், கம்பி கழன்று வந்துவிடும்.

அலாரத்தால் எங்கள் தெருவில் ஒரு பயனும் இல்லை. காற்றடித்தாலும் கத்துகிறது, யாரும் எழுந்து பார்ப்பதில்லை.


மணி (மியர்பேங்க்) எழுதியது:

மீனா தங்கச்சி, நான் கார் எலக்ட்ரீஷியன். முப்பத்தொரு வருடமாக அலாரம், இம்மொபிலைசர், டிராக்கர் பொருத்துகிற வேலை. ஆயாவிடம் பேசிப் பேசித்தான் தமிழ் வந்தது, எழுத்து கோயில் பள்ளியில். உன் கேள்விக்குக் கடைக்காரன் போலப் பதில் சொல்ல மாட்டேன்.

முதலில் இன்றைக்கு ராத்திரி செய்ய வேண்டியது. வந்தவன் உன் காரில் இம்மொபிலைசர், அதாவது சரியான சாவி இல்லாமல் எஞ்சினைக் கிளம்பவிடாத கருவி, இல்லை என்று தெரிந்துகொண்டு போயிருக்கிறான். இருந்திருந்தால் வயரைச் சீவி என்ன பயன், எஞ்சின் கிளம்பியிருக்காது. கதவு முடிந்தது, மூடி முடிந்தது, வயரும் கைக்கு வந்துவிட்டது. மிச்சம் ஒரு நிமிட வேலைதான். இப்படிப் பாதியில் விட்டவன் திரும்பி வருவதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். அதனால் பானெட்டைத் திறந்து, பத்தாம் நம்பர் ஸ்பேனரால் பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றி, ஒரு துணியைச் சுற்றி ஓரமாக வைத்துவிடு. காலையில் மாட்டிக்கொள். காசு செலவில்லை. சரியான வேலை முடிகிற வரைக்கும் தினமும் செய்.

அப்புறம் ஒன்றைப் புரிந்துகொள். உன் காரை யார், எதற்கு எடுக்கிறார்கள்? ஃபார்ச்சுனரோ ஹைலக்ஸோ போனால் பலமுறை அது என்2 நெடுஞ்சாலையில் வடக்கே ஏறி, கோசி பே பக்கமாக மொசாம்பிக்குக்குள் போகிறது. அதைத் தடுக்கத்தான் அந்த எல்லையில் கான்கிரீட் சுவர் வைக்க ஆரம்பித்தார்கள். டாஸ் எல்லையெல்லாம் தாண்டாது. இங்கேயே ஒரு கொட்டகைக்குள் போகும். கதவு, பம்பர், கியர்பாக்ஸ், விளக்கு என்று பிரித்து விற்றுவிடுவார்கள். 2006 வரைக்கும் இந்த வண்டி செய்தார்கள், இன்னும் ஓடுகிறது, பாகம் தேடுகிற ஆள் நிறைய. பிரிக்கிற வேலைக்கு சில மணி நேரம் போதும். அதனால் உன் விஷயத்தில் டிராக்கரை விட, வண்டியை இடத்தை விட்டு நகரவிடாத கருவிதான் முதலில் வேண்டும். டிராக்கர் திருட்டைத் தடுக்காது. போனதைத் தேடத்தான் அது.

குமரன் தம்பி சொன்ன கியர் லாக் சரி. ஆனால் பொருத்துகிற விதம் இருக்கிறது. அந்தப் பூட்டின் அடித்தட்டை வண்டியின் தரைத் தகட்டோடு சேர்த்து முடுக்குவார்கள். அதற்குச் சாதாரண போல்ட் போடக்கூடாது. முடுக்கி முடுக்கி ஒரு அளவு வந்ததும் தலை தானாக முறிந்து விழுகிற போல்ட் இருக்கிறது, முறிந்தபின் ஸ்பேனருக்குப் பிடி கிடைக்காது. வேலை முடிந்ததும் முறிந்த தலைகளைக் கேட்டு வாங்கி எண்ணிப் பார். தலை குறைந்தால் அங்கே சாதாரண போல்ட் இருக்கிறது என்று அர்த்தம். நான் செய்கிற ஒவ்வொரு வண்டிக்கும் அந்தத் தலைகளை ஒரு பையில் போட்டு வண்டிக்காரர் கையில் கொடுத்துவிடுவேன்.

இம்மொபிலைசர் பற்றி. ஒரே வயரை அறுத்து நடுவில் ஒரு ரிலே, அதாவது மின்சாரத்தால் இயங்குகிற சுவிட்ச், வைத்தால் அது பேருக்குத்தான். குறைந்தது இரண்டு மின்சுற்று வெட்டப்பட வேண்டும். ஸ்டார்ட்டர் ஒன்று, இக்னிஷன் இன்னொன்று. உன் எஞ்சினில் எரிபொருள் பம்ப் மின்சாரத்தில் ஓடுகிறது என்றால் அதையும் சேர்க்கலாம், வண்டியைப் பார்த்தால்தான் சொல்ல முடியும். வெசா என்கிற வாகனப் பாதுகாப்புச் சங்கத்தின் சான்றிதழ் கொடுக்கிற ஆளிடம் செய். பிறகு முழுக் காப்பீடு எடுக்க நினைத்தால் அந்தக் காகிதத்தைக் கேட்பார்கள்.

நான் எப்படிச் செய்வேன் என்று சொல்கிறேன், யாரிடம் கொடுத்தாலும் இதைக் கேள். வெட்டுகிற இடத்தில் சிவப்பு, மஞ்சள் வயர் கூடாது, எல்லாம் ஒரே கறுப்பு. கம்பெனி வயர்க் கட்டு மேல் சுற்றியிருக்கிற அதே மாதிரித் துணி டேப்பைத்தான் திரும்பச் சுற்ற வேண்டும். புது டேப் பளபளவென்று இருந்தால் டார்ச் அடித்தவுடன் கண்ணில் படும். இம்மொபிலைசர் பெட்டி ஸ்டீரிங்குக்குக் கீழே இருக்கவே கூடாது. அவசரமாகச் செய்கிறவர்கள் எல்லாரும் அங்கேதான் ஒரு பிளாஸ்டிக் பட்டியால் கட்டித் தொங்கவிடுகிறார்கள், திருடன் கை முதலில் போகிற இடமும் அதுதான். ரிலே "டிக்" என்று சத்தம் போட்டால் அந்தச் சத்தத்தை வைத்தே இடத்தைக் கண்டுபிடிப்பான். பஞ்சு சுற்றி, தூரமாக வைக்க வேண்டும். நல்ல வேலைக்கு அரை நாள் ஆகும். முக்கால் மணி நேரத்தில் முடித்துத் தருகிறேன் என்று சொல்கிறவரிடம் கொடுக்காதே.

இப்போது உன் பயத்துக்கு வருகிறேன். நீ கேட்டதில் முக்கியமான கேள்வி இதுதான், கடையில் யாரும் பேச மாட்டார்கள். நீ இறங்கிப் போனபின் என்ன வேண்டுமானாலும் பூட்டு. நீயோ பிள்ளைகளோ உள்ளே இருக்கும்போது உனக்கும் கொள்ளைக்காரனுக்கும் நடுவில் ஒரு கருவியும் நிற்கக்கூடாது. ஓடுகிற எஞ்சினை நடுவழியில் நிறுத்துகிற சாமான்கள் சந்தையில் உண்டு. உன் காருக்கு வேண்டாம். அவன் வண்டியை எடுத்துக்கொண்டு ஐம்பது மீட்டர் போனதும் அது நின்றுவிட்டால், திரும்பி உன்னிடம்தான் வருவான். எஞ்சின் எடுக்கும் நேரத்தில் மட்டும் தடுக்கிற வகையைக் கேள். ஒருமுறை ஓட ஆரம்பித்தால் அது குறுக்கே வராது. கியர் லாக் சாவியும் இம்மொபிலைசர் சாவியும் கார்ச் சாவியும் ஒரே வளையத்தில் இருக்கட்டும். வீட்டுச் சாவி அதில் கூடவே கூடாது. கேட்டால் வளையத்தோடு கொடுத்துவிட்டு விலகு. எப்படிக் கிளம்பும் என்று கேட்டால் அதையும் சொல்லிவிடு. காரை நான் திரும்பப் பொருத்தித் தருவேன், உன்னைப் பொருத்தித் தர முடியாது.

அலாரத்தைக் குமரன் தம்பி ஒரேயடியாகத் தள்ளுகிறார். உங்கள் வீட்டில் நாய் இருப்பதால் நானும் கடைசியில்தான் வைப்பேன். ஆனால் போட்டால், தனியாகச் சின்ன பேட்டரி வைத்த சைரன் போடு. பேட்டரி வயரை அறுத்தாலும் அது கத்தும். இன்னொன்று, இப்போது உன் காரைச் சாவியால் பூட்டுகிறாய். ரிமோட் வந்துவிட்டால் புதிதாக ஒரு ஆபத்தும் கூட வரும். மால் பார்க்கிங்கில் ஒருவன் கேட் ரிமோட்டை அழுத்திப் பிடித்தபடி நிற்பான். நம் ஊரில் கேட்டுக்கும் காருக்கும் ரிமோட் ஒரே அலைவரிசையில், பெரும்பாலும் 433 மெகாஹெர்ட்ஸில் வேலை செய்வதால், நீ அழுத்துகிற சிக்னல் காருக்குப் போய்ச் சேராது. பூட்டியாகிவிட்டது என்று நினைத்து நீ உள்ளே போய்விடுவாய். என் பட்டறையில் புது ரிமோட் வாங்குகிற எல்லாருக்கும் இதைச் செய்து காட்டுவேன். ஒரு கையில் கேட் ரிமோட்டை அழுத்திக்கொள்வேன், அவர்களைக் கார் ரிமோட்டை அழுத்தச் சொல்வேன். விளக்கு மினுங்காது, பூட்டும் விழாது. அவர்கள் முகம் மாறுவதைப் பார்க்க வேண்டும். அதற்கு மருந்து, கைப்பிடியை இழுத்துப் பார்ப்பதுதான். பிள்ளைகளுக்கும் பழக்கு, ஆளுக்கொரு கதவு.

டிராக்கர் வேண்டவே வேண்டாம் என்று சொல்லவில்லை. மாதச் சந்தா கட்ட முடிகிறபோது போடு. ஆனால் போட்டுவிட்டு மறந்துவிடாதே. 2017 தைப்பூசத்துக்கு நான் காவடி எடுத்தேன், கேட்டோ மேனர் அம்பலவாணர் கோயிலில். என் பக்கியை, அதான் பிக்கப் வண்டியை, பெல்லேர் ரோட்டிலிருந்து பிரிகிற ஒரு சந்தில் நிறுத்தியிருந்தேன். அலகை எடுத்துவிட்டு, மஞ்சள் வேட்டியோடு வந்து பார்க்கிறேன், இடம் காலி. உடனே டிராக்கர் கம்பெனிக்கு போன் போட்டேன். உங்கள் யூனிட் ஏழு மாதமாகப் பேசவில்லை என்றார்கள். ஏழு மாதம்! அந்தச் சமயத்தில்தான் நான் வண்டிக்குப் புது பேட்டரி மாற்றியிருந்தேன், அதோடு யூனிட் செத்துப்போயிருக்கிறது. மாதாமாதம் என் கணக்கிலிருந்து பணம் எடுத்தவர்கள் ஒரு குறுஞ்செய்தி அனுப்பவில்லை. இந்தத் தொழிலில் இருக்கிற நானே சோதித்துப் பார்க்காமல் விட்டேன் என்பது இன்றைக்கும் வலிக்கிறது.

மூன்று நாள் கழித்து வண்டி கிடைத்தது. ஒரு அமைதியான தெருவில், வேறு நம்பர் பிளேட்டோடு நின்றது. டிராக்கர் இருந்தால் ஆள் வரும், வராவிட்டால் எடுத்துக்கொள்ளலாம் என்று ஒன்றிரண்டு நாள் அப்படி நிறுத்தி ஆறவிடுவார்கள். அந்தத் தெருவில் குடியிருந்த ஒரு அம்மா, யாருடைய வண்டி இது என்று அக்கம்பக்கத்து வாட்ஸ்அப் குழுவில் கேட்டிருக்கிறார். அவரால்தான் கிடைத்தது. என்னுடையதுதான் என்று எப்படித் தெரிந்தது என்றால், மைக்ரோடாட், அதாவது வண்டி எண் பொறித்த பொடிப் புள்ளிகளைப் பசையோடு பாகங்கள் மேல் தெளிப்பது. போலீஸ்காரர் ஊதா விளக்கை எடுத்து எஞ்சின் அறைக்குள் பிடித்தார். பசை பூசிய இடமெல்லாம் பளிச்சென்று தெரிந்தது. அதன் மேல் சின்ன உருப்பெருக்கியை வைத்து என்னைப் பார்க்கச் சொன்னார். மணல் பருக்கை அளவு ஒரு வட்டம், அதற்குள் என் வண்டியின் எண். 2012 செப்டம்பரிலிருந்து முதன்முதலாகப் பதிவான வண்டிகளுக்கு இது சட்டப்படி கட்டாயம். உன் டாஸ் அதற்கு முந்தையது, நாம்தான் அடித்துக்கொள்ள வேண்டும். பாகம் பாகமாக விற்கிற வண்டிக்கு இது ரொம்ப உதவி, கதவைத் தனியாகக் கழற்றினாலும் எண் அதோடு போகும். சந்தா கிடையாது. கண்ணாடியில் ஸ்டிக்கர் ஒட்டிக்கொடுப்பார்கள்.

ஆக உன் பணத்துக்கு: இம்மொபிலைசர், கியர் லாக். மிச்சம் இருந்தால் மைக்ரோடாட். அந்த உடைந்த சாவித் துவாரத்தைப் பழைய பாகக் கடையில் வாங்காதே, அடுத்தவர் வீட்டு டாஸிலிருந்து வந்ததாக இருக்கும்.


ரவி (லெனேசியா, ஜோபர்க்) எழுதியது:

மணி அண்ணன் சொன்னது பழைய காருக்கு. சாவியைப் பையில் வைத்தபடியே பட்டனை அழுத்திக் கிளப்புகிற புதிய கார் வைத்திருப்பவர்களும் இதைப் படிப்பார்கள் என்பதால் சேர்க்கிறேன். அந்த வகைச் சாவி எப்போதும் காரோடு பேசத் தயாராக இருக்கும். ஒருவன் வீட்டு வாசலில் ஆன்டெனாவோடு நின்று, இன்னொருவன் கார் பக்கத்தில் நின்று, அந்தச் சிக்னலை நீட்டிவிட்டால் சாவி பக்கத்தில் இருக்கிறது என்று கார் நம்பிவிடும். சிக்னலை அடைக்கும் உலோக நூல் பையில் சாவியைப் போட்டு வையுங்கள். பை நல்லதா என்று பார்க்க, சாவியை அதில் போட்டுக்கொண்டு காரின் கைப்பிடியைத் தொடுங்கள். திறந்துகொண்டால் பையை மாற்றுங்கள். என் பை ஒன்றரை வருடத்தில் மடிப்பு விட்டுப் பயனற்றுப் போனது. மாற்றுச் சாவியையும் பையில் போடவேண்டும், பலர் அதை மறந்துவிடுகிறார்கள்.

சாவியே தேவைப்படாத முறையும் வந்துவிட்டது. லண்டனில் ஒருவருடைய ராவ்4 காணாமல் போனது. அவரே காரின் மின்னணுப் பாதுகாப்பைப் படித்தவர் என்பதால் தோண்டிப் பார்த்தார், அது எப்படி நடந்தது என்பது 2023ல் வெளியானது. முன் விளக்குக்குப் பின்னால் இருக்கும் இணைப்பைப் பிடுங்கி, காரின் உள் வலைப்பின்னலுக்குள் நேராகப் பொய்ச் செய்தி அனுப்பிக் கதவைத் திறந்து எஞ்சினையும் கிளப்பியிருக்கிறார்கள். கம்பெனி போட்ட இம்மொபிலைசரை அது சுற்றிக்கொண்டு போய்விடுகிறது. அதனால் புதுக் காருக்கும் மணி அண்ணன் மாதிரி ஒருவர் தனியாக, அந்த வலைப்பின்னலில் சேராமல் வைக்கிற வெட்டு ஒன்று இருந்தால் நல்லது என்று நினைக்கிறேன். பழுது பார்க்கிறவர்கள் கணினியைச் செருகும் ஓபிடி துளைக்கும் ஒரு பூட்டு போடுங்கள், புதுச் சாவிக்கு நிரல் எழுதுவது அந்த வழியாகத்தான்.

முழுக் காப்பீடு இருப்பவர்கள் பாலிசியை ஒருமுறை எடுத்துப் படியுங்கள். டிராக்கர் இருக்க வேண்டும் என்று எழுதியிருந்தால், திருட்டு நடந்த அன்று அது வேலை செய்துகொண்டிருந்ததா என்று கேட்பார்கள். மணி அண்ணனின் ஏழு மாதம் என் அலுவலக நண்பருக்கும் நடந்தது, இழப்பீடு கிடைக்கவில்லை.


சரோஜா (இசிப்பிங்கோ) எழுதியது:

மீனா, நான் கருவி பற்றிப் பேச வரவில்லை. எனக்கு நடந்ததைச் சொல்கிறேன்.

2023ல், தினமும் மின்வெட்டு இருந்த காலம். மாலை ஆறேமுக்கால். வீட்டு கேட் மோட்டாரின் பேட்டரி பழசு, மின்சாரம் போனால் பத்து நிமிடத்துக்குக்கூடத் தாங்காது. நான் காரை கேட்டுக்கு முன்னால் சரிவில் ஏற்றி நிறுத்திவிட்டு ரிமோட்டை அழுத்தினேன். திறக்கவில்லை. இறங்கிப்போய்க் கையால் தள்ளுவதா, மகனுக்கு போன் செய்வதா என்று யோசிக்கிற நேரத்தில் பின்னால் ஒரு கார் வந்து வழியை அடைத்துக்கொண்டது. முன்னால் கேட், பின்னால் அவர்கள். இரண்டு பேர் வந்தார்கள். பேத்தி பின் இருக்கையில், நான்கு வயது.

என் வாயில் வந்தது ஒரே வார்த்தைதான், "குழந்தை, குழந்தை". கை இரண்டையும் மேலே வைத்துக்கொண்டு பின் கதவைக் கண்ணால் காட்டினேன். எடுத்துக்கொள் என்றான். பெல்ட் கொக்கியை அழுத்துகிறேன், கை வழுக்குகிறது, திறக்கமாட்டேன் என்கிறது. அந்தச் சில நொடிதான் இப்போதும் கனவில் வருகிறது. பேத்தியைத் தூக்கிக்கொண்டு சுவரோரம் போய் நின்றேன். கார் போய்விட்டது. திரும்பக் கிடைக்கவில்லை. எனக்கு அதைப் பற்றி ஒரு வருத்தமும் இல்லை.

இப்போது நாங்கள் செய்வது இது. கேட் பேட்டரியை மாற்றிவிட்டோம். கேட் முழுவதும் திறக்கும்வரை கார் சாலையிலேயே, ஓரமாக நிற்கும், சரிவில் ஏறாது. யாராவது பின்னால் வருவது போலத் தோன்றினால் வீட்டுக்குத் திரும்பாமல் நேராகப் போய் வெளிச்சமான பெட்ரோல் பங்கில் நிறுத்துவேன். ரோபோட்டில், அதாவது சிக்னல் விளக்கில், நிற்கும்போது முன்னால் இருக்கும் காரின் பின் சக்கரம் தரையில் தொடுவது தெரிகிற அளவுக்கு இடைவெளி விடுவேன், அப்போதுதான் ஒடித்துத் திருப்ப முடியும். குழந்தை என் இருக்கைக்கு நேர் பின்னால் உட்காரும், இறங்கியதும் கைக்கெட்டும் கதவு அதுதான். பெல்ட் கொக்கியைக் கண்ணை மூடிக்கொண்டு ஒரு கையால் திறக்கப் பழகியிருக்கிறேன். நீயும் உன் பிள்ளைகளை வைத்துப் பழகு. விளையாட்டு மாதிரிச் சொல்லிக்கொடு, பயமுறுத்த வேண்டாம்.


மணி (மியர்பேங்க்) எழுதியது:

சரோஜா அக்கா சொன்னதற்கு மேல் நான் சேர்க்க ஒன்றும் இல்லை. ஒரு விஷயம் மட்டும். கியர் லாக் சாவியை அந்த வளையத்திலிருந்து கழற்றாமல், கார்ச் சாவியோடு தொங்கவிட்டே ஓட்டு, மீனா. சிலர் சட்டைப் பையில் போட்டுக்கொள்வார்கள், அவசரத்தில் தேட வேண்டிவரும்.

ரவி தம்பி, புதுக் கார்களுக்கு நான் அப்படிச் செய்கிறேன். ஆனால் உத்தரவாதக் காலத்தில் இருக்கும் வண்டி என்றால் முதலில் டீலரிடம் எழுத்தில் கேட்டுவிடச் சொல்வேன். தெரியாத கை அந்த வயர்களில் பட்டால் வண்டியே எழாமல் போகும்.


மீனா (சாட்ஸ்வொர்த்) எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. பதினேழு நாள் ஆகிவிட்டது, நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

முதல் ஒன்பது இரவும் பேட்டரி முனையைக் கழற்றி வைத்தோம். பெரியவன்தான் ஸ்பேனரைப் பிடித்துக்கொண்டு வருவான். ஐந்தாம் நாள் காலையில் பானெட் லேசாகத் தூக்கியிருந்தது, அதற்குள் யாரோ கையை விட்டிருக்கிறார்கள். மணி அண்ணன் சொன்னது போலத் திரும்பி வந்திருக்கிறான். கழற்றிய முனையைப் பழைய துணியில் சுற்றி பேட்டரிக்கு அடியில் தள்ளி வைத்திருந்தோம், அவன் கண்ணில் படவில்லை போலிருக்கிறது.

பிறகு மணி அண்ணனிடமே கொண்டுபோனேன். காலை எட்டு மணிக்கு விட்டு ஒன்றரைக்கு எடுத்தேன். நான்கு போல்ட் தலைகளையும் பையில் போட்டுக் கொடுத்தார். நான் எண்ணிப் பார்த்தேன், அவர் அதைப் பார்த்துச் சந்தோஷப்பட்டார். உடைந்த பிளாஸ்டிக் மூடியைத் தூக்கிப்போடாமல் உட்பக்கம் தகடு வைத்து ஒட்டித் தந்திருக்கிறார். விரிசல் கோடு தெரிகிறது, முருகன் படம் பழைய இடத்திலேயே இருக்கிறது. கையில் இருந்த பணத்துக்கு இம்மொபிலைசரும் கியர் லாக்கும் முடிந்தது, மைக்ரோடாட் அடுத்த மாதம். அலாரம் வேண்டாம் என்று விட்டுவிட்டோம், நாய் இருக்கிறது.

சரோஜா அக்கா, தினமும் பள்ளிக்கூட வாசலில் பெல்ட் பழகுகிறோம். சின்னவள் நான்கு நொடியில் இறங்கிவிடுகிறாள். பெரியவனுக்குக் கொக்கி கொஞ்சம் சிக்குகிறது.

ஒரு சந்தேகம் மட்டும் மிச்சம், அண்ணா. இம்மொபிலைசர் பெட்டியை நீங்கள் வைத்த இடம்,


மணி (மியர்பேங்க்) எழுதியது:

அதை இங்கே எழுதாதே தங்கச்சி. உன் பதிவு பாதியில் நின்றது நல்லதுதான். இடம் உனக்கும் உன் வீட்டுக்காரருக்கும் தெரிந்தால் போதும், வண்டியைப் பழுது பார்க்கிற வேறு ஆளுக்குக்கூடத் தெரிய வேண்டாம். என்ன சந்தேகமோ அதை போனில் கேள்.

அந்தப் பானெட் விஷயம் எனக்குச் சரியாகப் படவில்லை. கேபிளை வெளியிலிருந்து இழுக்க முடிகிறது என்றுதான் தோன்றுகிறது. சனிக்கிழமை தமிழ் வகுப்பு முடிந்ததும் இந்தப் பக்கம் வா, கேபிளை மேலே தூக்கிக் கட்டி மேலே ஒரு தகடு அடித்துவிடுகிறேன். பெரியவனையும் கூட்டிக்கொண்டு வா, அந்தச் சிக்குகிற கொக்கியையும் கழற்றிப் பார்த்துவிடலாம்.